பதனிட்ட தோல் பேசாது

வேலூரில் இருந்துகொண்டு டிரம்ஸுக்குத் தோல் கிடைக்கவில்லை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். சுற்றிலும் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, எல்லாம் தோல் பதனிடுகிற ஊர்கள். காற்று திரும்பி அடித்தால் பஸ்ஸில் தூங்குகிறவன்கூடக் கண்ணைத் திறக்காமல் எந்த ஊர் வந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். அதனால் 1983 கோடையில் எங்கள் ராக் குழுவின் ஸ்நேர் டிரம்மின் மேல்தோல் கிழிந்தபோது நாங்கள் பெரிதாகக் கவலைப்படவில்லை. டிரம்ஸ் வாசித்தவனின் சித்தப்பா ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், மேஸ்திரி. இவன் ஞாயிற்றுக்கிழமை போய் ஒரு வெள்ளாட்டுத் தோல் கேட்டு வாங்கி வந்துவிட்டான். வழுவழுவென்று அப்படியே மடித்துப் பர்ஸ் தைத்துவிடலாம் போல இருந்தது. வளையத்தில் இழுத்துக் கட்டி, குச்சியை எடுத்து ஒரு தட்டு தட்டினான்.

பொத்.

தலையணையில் அடித்த மாதிரி. இன்னும் இழுத்துக் கட்டினோம். பொத்துதான். அடுத்த வாரம் சித்தப்பாவிடம் போய்க் கேட்டால் மனுஷர் பீடியைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்கிறார். "மேளத்துக்குன்னு சொல்லக் கூடாதாடா நைனா? பதனிட்ட தோல் பேசாது. செருப்புக்கு ஆவும், பெல்ட்டுக்கு ஆவும், மேளத்துக்கு ஆவாது."

விஷயம் ரொம்ப எளிமையானது, எங்களுக்குத்தான் தெரியவில்லை. பச்சைத் தோல் காயும்போது அதன் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பலகை போல விறைத்துவிடும். அப்படி ஒட்டவிடாமல், காய்ந்த பிறகும் மெத்தென்று இருக்கும்படி செய்வதற்குப் பெயர்தான் பதனிடுதல். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை, அப்புறம் குரோம். எங்களுக்கு வேண்டியதோ விறைத்த தோல். சுண்ணாம்புக் குழியில் ஊறி, மயிர் போய், சதை வழித்து, பதனிடும் தொட்டிக்குப் போவதற்கு முந்தின நிலையில் தோலை வாங்கி, ஈரத்தோடு வளையத்தில் மாட்டி, நிழலில் காயவிட வேண்டும். சித்தப்பா அப்படி ஒன்று எடுத்துக் கொடுத்தார். நாங்கள் அதை ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு, ராணிப்பேட்டையிலிருந்து வேலூர் வரை டவுன் பஸ்ஸில் கொண்டுவந்தோம். கண்டக்டர் பாதி வழியில் இறக்கிவிடப் பார்த்தார்.

அப்போது நாங்கள் வாசித்துப் பழகிக்கொண்டிருந்தது கொசப்பேட்டையில் ஒரு வீட்டு மொட்டை மாடியில். மாதம் 40 ரூபாய் வாடகை. கிட்டார் சத்தத்துக்கு அந்த வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லப்போனால் பெருமையாக வந்து உட்கார்ந்து கேட்பார். மாடிக் கொடியில் தோல் காய்ந்ததைப் பார்த்த அன்று சாயங்காலமே எங்கள் பெட்டி படுக்கை தெருவுக்கு வந்துவிட்டது. நாற்றம் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் சொன்ன வார்த்தைகளில் நாற்றம் பற்றி ஒன்றும் இல்லை. தோலைக் கையால் தொட்டு வேலை செய்கிற ஆட்கள் யார், அவர்கள் எந்தத் தெருவில் இருப்பார்கள் என்பது பற்றித்தான் இருந்தது. கிட்டாரைத் தோளில் மாட்டினால் படித்த பிள்ளைகள், தோலைக் கொடியில் போட்டால் வேறு ஆட்கள். டிரம்ஸ்காரன் ஒரு வார்த்தை பேசவில்லை. தோலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கிப் போனான்.

அப்புறம் சைதாப்பேட்டையில் இடம் கிடைத்தது. (வேலூரிலும் ஒரு சைதாப்பேட்டை உண்டு, சென்னைக்காரர்கள் குழம்ப வேண்டாம்.) பாய் ஒருவரின் பழைய பீடி இலைக் கிடங்கு. அவருக்கு எங்கள் இசை சுத்தமாகப் பிடிக்காது. ஆனால் தோலைப் பற்றியோ ஆளைப் பற்றியோ ஒரு கேள்வி கேட்டதில்லை. ஆறு வருஷம் அங்கேதான் இருந்தோம். இன்றைக்கும் எங்காவது எலெக்ட்ரிக் கிட்டார் சத்தம் கேட்டால் எனக்குப் புகையிலைத் தூள் நெடியும் சுண்ணாம்புத் தோல் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறும்.

நாங்கள் ஐந்து பேர். பெயர்கள் வேண்டாம். எங்களுக்குள்ளேயே பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லீடு, ரிதம், பேஸ் (மூன்றும் கிட்டார்), டிரம்ஸ், பாடுகிறவன் வாய்ஸ், அவ்வளவுதான். நான் பேஸ். குழுவின் பெயரையும் விட்டுவிடுகிறேன், நோட்டீஸ் அடித்த அச்சகத்தில் அது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாக வந்தது. பேண்டு என்று வெளியில் சொல்லிக்கொள்வதிலும் ஒரு சிக்கல். வேலூரில் அந்த நாளில் பேண்டு என்றால் கல்யாண ஊர்வலத்துக்கு வரும் பேண்டு செட். "நாங்க பேண்டு வச்சிருக்கோம்" என்றால் அடுத்த கேள்வி "எத்தினி கிளாரினெட்டு?" என்றுதான் வரும். உண்மையைச் சொன்னால் அந்தக் கேள்வியும் நியாயம்தான். எங்கள் கிக் டிரம் ஒரு கலைந்துபோன பேண்டு செட்டின் பெரிய டிரம். கால் பெடல் ஒரு வெல்டிங் பட்டறையில் ஸ்கூட்டர் ஸ்டாண்டு ஸ்பிரிங் போட்டுச் செய்தது. லீடு வைத்திருந்தது கல்கத்தாவில் செய்த கிவ்சன் கிட்டார். பெயரை வேகமாகப் படித்தால் கிப்ஸன் என்ற பேர்போன அமெரிக்கக் கிட்டார் போலக் கண்ணுக்குத் தெரியும், அதுவே எங்களுக்குப் பெரிய சந்தோஷம். வெளிநாட்டுச் சாமான் வேண்டுமென்றால் சுங்க வரியைக் கேட்டாலே தலை சுற்றும். பர்மா பஜாரில் அகப்பட வேண்டும், இல்லை வளைகுடாவில் மாமா இருக்க வேண்டும். எங்கள் ஐந்து பேரில் யாருக்கும் அப்படி மாமா இல்லை.

ராக் எங்களுக்கு எப்படி வந்தது என்று இப்போதைய பிள்ளைகள் கேட்கிறார்கள். பாகாயம் வழியாக வந்தது. அங்கே இருக்கும் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் டாக்டருக்குப் படிக்க நாடு முழுவதிலுமிருந்து பிள்ளைகள் வருவார்கள், வடகிழக்கிலிருந்தும் நிறையப் பேர். அவர்கள் ஊரில் தேவாலயத்தில் கிட்டார் பிடித்து வளர்ந்தவர்கள். அப்படி ஷில்லாங்கிலிருந்து வந்த ஒருவர், எங்களைவிட மூன்று நான்கு வயது பெரியவர், லீடுக்கு ஒரு மரத்தடியில் பழக்கமானார். தமிழ் தெரியாது. இவனுக்கு இங்கிலீஷ் தகராறு. விரலைக் காட்டி விரலைக் காட்டியே இரண்டு வருஷம் சொல்லிக் கொடுத்தார். பரீட்சை முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது ஒரு 90 நிமிட கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். யாரோ பதிவு செய்ததை யாரோ பதிவு செய்து, அதிலிருந்து இவர் பதிவு செய்தது. இசைக்கு முன்னால் ஒரு 'உஸ்ஸ்' இருக்கும். அந்த 'உஸ்ஸ்' வந்தாலே எங்களுக்கு மயிர்க்கூச்செறியும்.

அந்தக் கேசட்டிலிருந்துதான் பாட்டுகளை எடுத்தோம். வாய்ஸ் ஒரு நீளமான கணக்கு நோட்டில், காதில் விழுந்ததைத் தமிழில் எழுதிக்கொள்வான். இங்கிலீஷ் எழுத்தில் எழுதினால் ஸ்பெல்லிங் தப்பாகிவிடும் என்று பயம், தமிழில் எழுதினால் தப்பே கிடையாது. அர்த்தம் என்று ஒன்று இருப்பதாக நாங்கள் நினைக்கவே இல்லை. டீப் பர்ப்பிள் குழுவின் பாட்டு ஒன்று, தண்ணீர்மேல் புகை என்று தொடங்கும் பல்லவி, இந்தியாவில் கிட்டார் தொட்ட அத்தனை பேரும் முதலில் வாசிக்கிற அந்த நாலு சுரம். அது 1971 டிசம்பரில் ஸ்விட்சர்லாந்தில் மாந்த்ரோ என்ற ஏரிக்கரை ஊரில் கேசினோ ஒன்று கச்சேரி நடுவே தீப்பிடித்து எரிந்ததைப் பற்றிய பாட்டு என்பது எனக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரியும். நாங்கள் அதைக் காதல் பாட்டு என்று நினைத்து, வாய்ஸ் கண்ணை மூடிக்கொண்டு உருகி உருகிப் பாடுவான்.

அர்த்தம் போனால் போகிறது, சுருதிதான் பெரிய கூத்து. பீடிக் கிடங்கில் இருந்த டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரின் மோட்டார் கொஞ்சம் வேகமாக ஓடும். டேப் வேகமாக ஓடினால் பாட்டு வேகமாவது மட்டுமில்லை, சுருதியும் ஏறிவிடும். இ (E) என்ற சுருதியில் இருந்த பாட்டெல்லாம் எங்களுக்கு அதற்கு அடுத்த எஃப்-இல் (F) வந்தது. கிட்டார் பிடித்தவர்களுக்குத் தெரியும், இ என்றால் அடிக்கம்பியைச் சும்மா மீட்டினால் போதும், அதுவாகவே முழங்கும். அரைச் சுரம் ஏறி எஃப் ஆகிவிட்டால் ஆள்காட்டி விரலால் ஆறு கம்பியையும் அழுத்திப் பிடித்தே தீர வேண்டும். வெள்ளைக்காரன் விரல் இரும்பால் செய்ததா என்று லீடு புலம்புவான். விரல் நுனியில் ரத்தம் கட்டி, பென்சில் ஒன்றைக் கம்பிமேல் குறுக்கே வைத்து ரப்பர் பேண்டால் கட்டிப் பார்த்தான், பென்சில் உடைந்தது. கடைசியில் விரல்தான் பழகியது. பேட்டரி இறங்கிய நாளில் அதே பாட்டு இ-க்கும் கீழே போய்விடும். அதை நாங்கள் பேட்டரி கோளாறு என்று சரியாகக் கண்டுபிடித்தோம். எஃப்தான் நிஜம் என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

ஒரு பேஸ்காரனாக நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். கோயில் திருவிழாவில் சவுண்ட் சர்வீஸ்காரர் கட்டுவது குழாய் ஸ்பீக்கர். பனைமரத்தில் ஒன்று, வேப்ப மரத்தில் ஒன்று, ஊர் எல்லையில் ஒன்று. குழாய் ஸ்பீக்கருக்கு அடித்தொண்டை கிடையாது. பேச்சுக் குரல் நாலு மைல் கேட்கும், பேஸ் கிட்டார் நாலு அடிகூடக் கேட்காது. முதல் இரண்டு வருஷம் நான் மேடையில் வாசித்தது எனக்கும் டிரம்ஸ்காரனுக்கும் மட்டும் கேட்டது. வீட்டில் அம்மா கேட்பார், "நீ இன்னாடா வாசிக்கிற அங்க?" என்று. பதில் சொல்ல முடியாது. ஆனால் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல காலம் அமையாது, பிழை விட்டாலும் ஊருக்குத் தெரியாதே. என் குரு ரேடியோதான். இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் கிட்டார் மட்டும் அடியில் தனியாக இன்னொரு பாட்டைப் பாடிக்கொண்டிருக்கும். அதை மட்டும் பிடித்துக்கொண்டு போவேன். எந்த வெள்ளைக்காரக் குழுவிடமும் நான் அவ்வளவு கற்கவில்லை, ராக் பேண்டு என்று சொல்லிக்கொண்டு இதை ஒப்புக்கொள்வது கொஞ்சம் வெட்கம்தான். பேஸ் கம்பிக்குச் சென்னை மவுண்ட் ரோடு மியூசி மியூசிகல் கடைக்குப் போக வேண்டும். காட்பாடியிலிருந்து ரயிலில் 130 கிலோமீட்டர். போகக் காசில்லாத மாதங்களில் பழைய கம்பியைக் கழற்றி வெந்நீரில் கொதிக்கவிடுவேன். விரல் அழுக்கும் எண்ணெயும் கரைந்து போனால் ஒரு வாரத்துக்குப் புதுக் கம்பி மாதிரி கணீரென்று இருக்கும். அம்மா அந்த அலுமினியக் குண்டானை அப்புறம் சமையலுக்கு எடுக்கவே இல்லை, சுண்ணாம்பு கரைக்க வைத்துக்கொண்டார்.

லீடுக்கும் ரிதமுக்கும் வேறு பள்ளிக்கூடம். இரண்டு பேரும் தேவாலயப் பாடகர் குழுவில் சின்ன வயதிலிருந்தே நின்றவர்கள். டோ ரே மி-யைச் சுருக்கி எழுதும் சோல்ஃபா முறையில் எதைக் கொடுத்தாலும் படிப்பார்கள். நாலு குரல் ஒன்றாகப் பாடும்போது யார் எங்கே நிற்க வேண்டும் என்பது அவர்கள் ரத்தத்தில் இருந்தது. ஆற்காடு மிஷன் காலத்திலிருந்து வந்த சொத்து அது. கேசட்டில் பின்பாட்டு சரியாகக் கேட்காத இடங்களில் இவர்கள் கீர்த்தனைப் பாணியில் ஒன்றைப் போட்டு நிரப்பிவிடுவார்கள். அதனால் எங்கள் ராக் பாட்டுகளின் நடுவே திடீரென்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை வந்துவிட்டுப் போகும்.

இத்தனை சொல்லிவிட்டு ஒன்றை மறைக்கக் கூடாது. ஒரு ராத்திரிக் கச்சேரியில் 30 பாட்டு என்றால் 28 சினிமா. இரண்டுதான் ராக், அதுவும் பதினொன்றரை மணிக்கு மேல், பாதிக் கூட்டம் கலைந்த பிறகு. நேயர் விருப்பச் சீட்டு வந்துகொண்டே இருக்கும், சில சீட்டில் பத்து ரூபாய் நோட்டைக் குண்டூசியால் குத்தி அனுப்புவார்கள். அந்த நோட்டை மீறி எங்கள் இஷ்டத்துக்கு வாசிக்கும் தைரியம் யாருக்கும் இல்லை. ராணிப்பேட்டை பெல் (BHEL) தொழிற்சாலைக் குடியிருப்பில் ஒரு புத்தாண்டு இரவு மட்டும் ஆறு ராக் பாட்டு வாசித்தோம், அதுதான் எங்கள் சாதனை.

கரண்டைப் பற்றித் தனியாக ஒரு புராணமே எழுதலாம். கிட்டார் ஒரு ஆம்ப்ளிஃபயரில், மைக் இன்னொன்றில், இரண்டுக்கும் எர்த் வேறு வேறாக இருந்தால் என்ன ஆகும்? கம்பியில் கை, மைக்கில் உதடு, நடுவில் நாம்தான் ஒயர். கிட்டார் வாசித்துக்கொண்டே பின்பாட்டுப் பாடிய ரிதம் ஒரு தடவை பல்லவி நடுவே இரண்டடி பின்னால் போய் விழுந்தான். கூட்டம் அதை நடனம் என்று நினைத்துக் கைதட்டியது. அதிலிருந்து மைக்குக்குக் கைக்குட்டை கட்டாமல் பாடுவதில்லை. எங்கே போனாலும் முதல் வேலை, மேடைக்குப் பின்னால் ஒரு இரும்புக் கம்பியை அடித்து இறக்கி, உப்பும் தண்ணீரும் ஊற்றி எர்த் எடுப்பது. இரவு எட்டு மணிக்கு மேல் கிராமங்களில் வோல்டேஜ் இறங்கும், டியூப் லைட் கண் சிமிட்டும், ஆம்ப்ளிஃபயர் திணறும். திணறும்போது கிட்டார் சத்தம் கரகரவென்று உடைந்து வரும். அந்தக் கரகரப்புக்கென்றே வெளிநாட்டில் காலால் மிதிக்கிற ஒரு பெட்டி விற்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. எங்களுக்கு அது எட்டு மணிக்கு மேல் இலவசம்.

இப்போது குடியாத்தம்.

1985 மே மாதம். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அந்த நாட்களில் குடியாத்தத்தில் தெருவுக்குத் தெரு கச்சேரி இருக்கும். எங்களுக்கு ஒரு சின்னத் தெருவில் மேடை போட்டிருந்தார்கள். சாயங்காலம் கோடை மழை அரை மணி நேரம் பெய்தது. பச்சைத் தோலுக்கு ஈரம்தான் எமன். ஸ்நேரைத் தட்டினால் அந்தப் பழைய 'பொத்'. மைலார் என்ற பிளாஸ்டிக் தோல் சென்னையில் கிடைக்கும், நாங்கள்தான் சித்தப்பா தோலே போதும் என்று இருந்தோம். என்ன செய்வதென்று டிரம்ஸ்காரன் முழித்துக்கொண்டிருக்கும்போது, எதிர்ச் சந்தில் பறை அடிக்க வந்தவர்கள் வைக்கோலைக் கொளுத்தித் தங்கள் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். இவன் ஸ்நேரைக் கழற்றி எடுத்துக்கொண்டு நேராக அங்கே போய் உட்கார்ந்தான்.

பெரியவர் ஒருவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரும்பு வளையம், அடியில் ஸ்பிரிங் கம்பி, இதெல்லாம் இன்னா என்று கேட்டார். அப்புறம் தோலை மோந்து பார்த்துவிட்டு, "சுண்ணாம்பு சரியா போவல" என்றார். தீயிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, ஒரு இடத்தில் நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே, இடையிடையே நகத்தால் சுண்டிக் காதில் வைத்துக் கேட்டார். பத்து நிமிஷத்தில் அது கணீரென்று பேசியது. "இருவது நிமிசம் நிக்கும் தம்பி. அப்பால திரும்ப எட்டாந்துடு."

இருபது நிமிஷம்தான் என்றால் அந்த இருபது நிமிஷத்தில் எதை வாசிப்பது? மேடைக்குப் பின்னால் சின்னச் சண்டை நடந்தது. விநாயகர் பாட்டு ஒன்றை முடித்துவிட்டு உடனே ராக் என்று முடிவாயிற்று. பதினொன்றரை மணிக்கு வர வேண்டியதை எட்டரைக்கே எடுத்தோம். முழுக் கூட்டமும் உட்கார்ந்திருந்தது, பாயில் குழந்தைகள், முன்வரிசையில் ஊர்ப் பெரியவர்கள். டிரம்ஸ்காரன் நெருப்பில் காய்ந்த தோலில் இறங்கினான். இரண்டாவது சரணம் போவதற்குள் பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு. ஒரு அம்மாவுக்கு அருள் வந்துவிட்டது.

எங்களுக்குக் கை கால் உதறல். லீடு கண்ணைக் காட்டினான், நிறுத்திவிடலாம் என்று. விழாக் குழுவைச் சேர்ந்தவர் மேடை ஓரத்துக்கு ஓடிவந்து கத்தினார், "நிறுத்தாதீங்கடா! சாமி நிக்கிது, மேளத்த நிறுத்தினா யார் பதில் சொல்றது?" நிறுத்தவில்லை. வாய்ஸின் நோட்டில் இருந்த வரிகள் தீர்ந்துபோய் அவன் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினான். அதுவும் முடிந்தது. லீடு வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கேசட்டில் இல்லாத ஒன்றை வாசித்தான், வேறு வழியில்லாமல். நான் எஃப்-இல் ஒரே சில சுரங்களைச் சுற்றிச் சுற்றி வந்தேன். டிரம்ஸ்காரன் எங்களைப் பார்க்கவே இல்லை. மேடைக்குக் கீழே அந்தப் பறைக்காரப் பெரியவர் வந்து நின்றிருந்தார். கையை உயர்த்தி, மெல்ல மெல்ல இறக்கிக் காட்டினார். இவன் அந்தக் கைக்குக் கட்டுப்பட்டு அடியைக் குறைத்து, இடைவெளி விட்டு, இன்னும் விட்டு, பன்னிரண்டு பதிமூன்று நிமிஷம் போயிருக்கும், அந்த அம்மாவுக்குத் திருநீறு போட்டுக் கற்பூரம் காட்டி உட்காரவைத்தார்கள். பெரியவர் கையைக் கீழே போட்டார். பாட்டு நின்றது.

கைதட்டல் எதுவும் இல்லை. சிலர் எங்களைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அதை என்ன செய்வதென்று தெரியாமல் அடுத்த சினிமாப் பாட்டுக்குப் போய்விட்டோம்.

கச்சேரி முடிந்து சாமான் கட்டும்போது பெரியவர் டீ குடித்துக்கொண்டே டிரம்ஸ்காரனிடம் சொன்னார்: "சத்தம் நல்லா கீது தம்பி. அடிதான் தெர்ல. ரெண்டு கையும் ஒரே மாதிரி போவுது பார்." பறையில் ஒரு கையில் கனமான அடிக்குச்சி, மறு கையில் நீளமான மெல்லிய சிம்புக்குச்சி. ஒன்று சொல்லும், மற்றது அதைச் சுற்றிப் பேசும். மறு வாரமே இவன் இடது கைக் குச்சியைச் சீவி மெல்லியதாக்கிக்கொண்டான். நான்கு வருஷம் அப்படியே வாசித்தான். வெளியூர் டிரம்மர்கள் பார்த்துவிட்டு, இது யாருடைய ஸ்டைல் என்று கேட்பார்கள். அவன் ஏதோ ஒரு வெள்ளைக்காரன் பெயரைச் சொல்வான். குடியாத்தம் என்று ஒருநாளும் சொல்லவில்லை. கொசப்பேட்டை மாடியை நினைத்துக்கொண்டால் எனக்கு அது புரியும். இருந்தாலும் சொல்லியிருக்கலாம்.

1987 டிசம்பர் 23 இரவு காட்பாடியில் ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி. முடிந்து அங்கேயே படுத்துவிட்டோம், மறுநாள் இரவு வேலூரில் இன்னொன்று இருந்தது. விடிந்து எழுந்தால் எம்.ஜி.ஆர். இறந்துவிட்டார் என்கிறார்கள். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, கடை இல்லை. ஆளுக்கொன்றாகச் சாமானைத் தூக்கிக்கொண்டு பாலாற்றுப் பாலத்தின் மேல் நடந்தோம். கீழே வழக்கம்போல மணல். வழியெங்கும் ஸ்டூலில் படம் வைத்து மாலை போட்டுக் கற்பூரம் ஏற்றியிருந்தார்கள், பெண்கள் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். டிரம்ஸ்காரன் கிக் டிரம்மைத் தலையில் வைத்திருந்தான். ஒவ்வொரு எட்டுக்கும் அது லேசாகத் 'தும்' என்று முனகியது. பாலத்தின் பாதியில் இறக்கிவைத்து, சட்டையைக் கழற்றி உள்ளே திணித்து, வெற்று மார்போடு மறுபடி தூக்கிக்கொண்டான். வேலூர் வரும்வரை யாரும் பேசவில்லை. அன்றைய கச்சேரிக்கு வாங்கிய 300 ரூபாய் முன்பணத்தை அடுத்த மாதம் திருப்பிக் கொடுத்தோம்.

அதற்கப்புறம் எல்லாம் சீக்கிரம் முடிந்தது. ஆர்க்கெஸ்ட்ராக்களில் கீபோர்டு வந்தது, பின்னாலேயே குச்சியால் தட்டுகிற எலெக்ட்ரானிக் பேட் வந்தது. எட்டுக் கட்டம், எல்லா மேளமும் அதற்குள். மழைக்குப் பயமில்லை, நெருப்பு தேவையில்லை, ஒரே சூட்கேஸ். ஏற்பாடு செய்கிறவர்கள் டெம்போ வாடகை மிச்சம் என்று கணக்குப் போட்டார்கள். 1989இல் வட ஆற்காடு மாவட்டத்தையே இரண்டாகப் பிரித்தார்கள். அதே வருஷம் லீடுக்குப் பெங்களூரில் வேலை, வாய்ஸுக்குக் கல்யாணம், எனக்குத் திருவண்ணாமலைக்கு மாற்றல், அதாவது அடுத்த மாவட்டத்துக்கு. பிரிவுபசாரம் என்று ஒன்றும் இல்லை. பீடிக் கிடங்குச் சாவியைப் பாயிடம் கொடுத்தபோது அவர், "சத்தம் இல்லாம இனிமே தூக்கம் வருமான்னு தெரியல" என்றார். ஆறு வருஷத்தில் எங்கள் இசையைப் பற்றி அவர் சொன்னது அது ஒன்றுதான்.

பேஸ் கிட்டார் மட்டும் என்னிடம் இருக்கிறது. போன பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து லீடின் மகள் வந்திருந்தாள், எங்கள் வீட்டில் ஒரு வேளை சாப்பிட. "அங்கிள், அப்பா எப்பவும் சொல்ற பாட்டு இதுதானே?" என்று மொபைலில் போட்டாள். 'உஸ்ஸ்' இல்லை. பளிங்கு மாதிரி இருந்தது. அவள் கேட்கிறாளே என்று கிட்டாரை எடுத்துக் கூடவே வாசித்தேன். ஒரு வரி போவதற்குள் பல்லைக் கூசவைக்கிற ஒரு உரசல். அவள் முகத்தைச் சுளித்தாள். மொபைலில் இ, என் கையில் எஃப். அரைச் சுரம்தானே, இறக்கிக்கொள்ளுங்கள் அங்கிள் என்றாள். இறக்கிப் பார்த்தேன். கம்பி சும்மாவே முழங்கியது, விரலுக்கு வேலையே இல்லை. அது வேறு யாருடையதோ பாட்டாக இருந்தது.

மொபைலை நிறுத்தச் சொல்லிவிட்டு எஃப்-இல் வாசித்துக் காட்டினேன்.